கால் வழியாக ஏறும் உப்பு

நடைப்பயிற்சி என்பது வேலை இல்லாதவர்கள் தங்களுக்காகக் கண்டுபிடித்துக்கொண்ட வேலை. இதை நான் மனதுக்குள் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. மாதா கோயில் வளாகத்தில் மெடிக்கல் கேம்ப் போட்டார்களே, அங்கேயே மைக் முன்னால் நின்று சொன்னேன்.

சுனாமி வந்துபோன நாலாவது மாதம் அது. மரக்காணத்துப் பக்கம் அப்போது வண்டி வராத நாளே கிடையாது. ஒரு வண்டி போர்வை கொடுக்கும், ஒரு வண்டி பிளாஸ்டிக் குடம் கொடுக்கும், இன்னொன்று வந்து எங்களுக்கு மனசு சரியாக இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போகும். அன்றைக்கு வந்தது உடம்பைப் பார்க்கிற வண்டி. கூட வந்த ஒரு பெண் சுவரில் படம் ஒன்றை மாட்டி, தினமும் அரை மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும், எண்ணெயைக் குறைக்க வேண்டும், உப்பைக் குறைக்க வேண்டும், காய்கறியும் பழமும் நிறையச் சாப்பிட வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று குச்சியால் தட்டித் தட்டிச் சொன்னாள். படத்தில் வெள்ளை ஷூ போட்ட ஒரு அம்மாள் சிரித்துக்கொண்டே கைவீசி நடந்தாள்.

"ஏம்மா, காலையில அஞ்சு மணிலேர்ந்து பதினோரு மணி வரைக்கும் தலையில உப்புக் கூடையோட வரப்பு மேல நடக்கறேன். அதுக்கு மேல கைய வீசிக்கினு அரை மணி நேரம் வேற நடக்கணுமா? எங்க நடக்கறது, ஈசிஆர்லயா? லாரிக்காரன் அடிச்சிட்டுப் போய்டுவான்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பைக் கேட்டதும் எனக்கு இன்னும் ஏறிவிட்டது. பச்சைக் காய்கறியைத்தான் ஆடு தின்கிறதே, நாம் ஆட்டைத் தின்றால் போதாதா என்று கேட்டேன். ஆப்பிள் என்பது ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகிறவர்கள் வாங்கிப் போகிற சாமான், அதை வீட்டில் வைத்துத் தின்றால் வியாதியை விருந்துக்குக் கூப்பிட்டது போல ஆகும் என்றேன். தின்றதைக் கரைக்க ஓடுவது, ஓடிய களைப்புக்குத் திரும்பத் தின்பது, இதற்கு ஒரு படம், ஒரு குச்சி. இவ்வளவும் என் சொந்தக் கருத்து. யாரும் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை.

என் வீட்டுக்காரர் மரியதாஸ் கடைசி வரிசையில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார். நான் பேசுவதும் அவர் குனிவதும் இருபத்திரண்டு வருஷமாக நடக்கிறது.

அதற்குப் பிறகுதான் அவர் கையில் பட்டையைச் சுற்றினார்கள். டாக்டர் சின்னப் பெண். ஒரு முறை காற்றடித்துப் பார்த்தாள். இரண்டாம் முறையும் அடித்தாள். மூன்றாம் முறையும் அடித்தாள்.

"நூத்தி எண்பது இருக்குதுங்க. உங்களுக்கு பிரஷர். மாத்திரை தர்றேன், விடாம சாப்பிடுங்க. உப்பு கம்மி பண்ணுங்க. அடுத்த மாசம் கேம்புக்கு வந்து திரும்பக் காட்டுங்க" என்றாள்.

பிரஷர் என்ற அந்தச் சொல்லை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். போன வருஷம் என் அண்ணன் சாலமன், நாங்கள் வேலை செய்கிற இதே உப்பளத்தில், கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்கத் திரும்பியவர், வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு விழுந்தார். ஒன்பது நாள் படுக்கையில் கிடந்தார். கண் மட்டும் பார்க்கும். நான் ஊட்டிய கஞ்சி கடைவாயில் வழியும். துடைத்துவிட்டு மறுபடி ஊட்டுவேன். ஒன்பதாம் நாள் அந்தக் கண்ணும் மூடிவிட்டது.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் அவர் எங்கே இருக்கிறார் என்று பார்க்கத் தோன்றியது. அவர் பல் தேய்க்கும்போது வாய் நேராக இருக்கிறதா என்று பார்த்தேன். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லி, நாக்குக் குழறுகிறதா என்று கேட்டேன். படுத்தால் தூக்கமே வரவில்லை. அவர் மூச்சை எண்ணிக்கொண்டு கிடந்தேன்.

மாத்திரையைப் பத்து நாள் கொடுத்தேன். பிறகு நிறுத்திவிட்டேன். மாத்திரை தின்னப் பழகிய உடம்பு சொந்தமாக எதையும் செய்யாது என்பது என் இன்னொரு கருத்து. சாப்பாட்டில் வந்ததைச் சாப்பாட்டில்தான் விரட்ட வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்தேன்.

டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னாள். குறைப்பது டவுனில் இருப்பவர்களுக்குச் சரி. அவர்களுக்கு உப்பு வாய் வழியாக மட்டும்தான் போகிறது. எங்களுக்கு அப்படியா? விடிந்ததிலிருந்து உப்புத் தண்ணீரில் நிற்கிறோம். பாதத்தில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. கால் வழியாக உப்பு ஏறாமல் எங்கே போகும்? வேலை முடிந்து வந்தால் முதுகெல்லாம் வெள்ளையாகப் பூத்திருக்கும், உடம்பு குடித்தது போக மிச்சத்தை வெளியே தள்ளுகிறது என்றுதான் எங்கள் அளத்தில் பேசிக்கொள்வோம். வெளியிலிருந்து இவ்வளவு ஏறுகிறவருக்கு வாயால் ஒரு கல் கூடப் போகக் கூடாது என்று முடிவு செய்தேன்.

அளத்தில் யாரும் கஞ்சிக்கு வீட்டிலிருந்து உப்புப் போட்டுக்கொண்டு வருவதில்லை. எட்டு மணிக்கு வரப்பில் உட்கார்ந்து தூக்கைத் திறந்ததும், வாரி வைத்த குவியலிலிருந்து இரண்டு விரலால் அள்ளிப் போட்டுக் கரைத்துக்கொள்வோம். வெயில் கடுமையாக இருந்தால் இன்னும் கொஞ்சம். மரியதாஸ் குவியலை நோக்கிக் கையை நீட்டிய முதல் நாளே நான் அந்தக் கையைப் பிடித்து இழுத்துவிட்டேன்.

"இன்னாக்கா இது, மனுசன் குடிக்கிற கஞ்சியா? ஒரு கல்லாவது போட உடுக்கா" என்றாள் தையல்நாயகி. எனக்குப் பக்கத்துப் பாத்தியில் வேலை செய்கிறவள், என்னைவிடப் பத்து வயது சின்னவள்.

"உனக்கு இன்னாடி தெரியும்? செத்தது உன் அண்ணனா, என் அண்ணனா?" என்றேன். அவள் முகம் சுருங்கிப்போனது. எனக்கு அப்போது அதைப் பார்க்க நேரமில்லை.

மரியதாஸ் உப்பில்லாத கஞ்சியைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். குழம்பிலும் உப்பில்லை, ரசத்திலும் இல்லை. கருவாடு வீட்டுக்குள் வருவதே நின்றது. ஏதோ ஒரு வண்டியில் கொடுத்த ரப்பர் பூட்ஸ் பரணில் கிடந்தது. அதை எடுத்து அவர் காலில் போட்டுவிட்டு, கால் வழியும் அடைத்தாயிற்று என்று திருப்திப்பட்டேன். வழுக்குகிற வரப்பில் பூட்ஸோடு அவர் நடப்பதைப் பார்த்து ஆம்பளைகள் விசில் அடித்தார்கள். உள்ளே தங்கியிருக்கிற உப்பைக் கழுவித் தள்ள, பெரிய பாட்டிலில் தண்ணீர் ரொப்பி மணிக்கு ஒன்றாகக் குடிக்க வைத்தேன். வேலை முடிந்து வந்ததும் முதுகில் பூத்திருக்கிற வெள்ளையைத் தேய்த்துக் கழுவும்போது, இன்றைக்கும் இவ்வளவு இறங்கியிருக்கிறது என்று எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

அடுத்த மாதம் கேம்ப் வந்தது. நான் அவரை அனுப்பவில்லை. வயிறு ஒட்டி, இடுப்பில் கைலி நிற்காமல், கல்யாணத்தன்று இருந்த மாதிரி ஆகிவிட்டிருந்தார். "அண்ணன் ஒடம்பு நல்லா எறங்கிருச்சே" என்று பார்க்கிறவர்கள் சொன்னார்கள். ஷூவும் வேண்டாம், ஆப்பிளும் வேண்டாம், இந்த அந்தோணியம்மாள் கைச்சமையல் போதும் என்று நான் வாயாடிக்கொண்டு திரிந்தேன்.

அதற்குப் பிறகு அவருக்குக் கெண்டைக்கால் இழுக்க ஆரம்பித்தது. உப்பு இறங்குகிறது, அதனால்தான் என்றேன். தலைவலி வந்தது. காலையில் குடித்த தண்ணீரை அப்படியே வாந்தி எடுத்தார். ஒரு புதன்கிழமை, "இன்னிக்கி பூசைக்குப் போவலயா?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை இல்லை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து அதையே திரும்பக் கேட்டார். அண்ணனுக்கு வந்ததுதான் வருகிறது, எங்கிருந்தோ உப்பு உள்ளே போகிறது என்று நினைத்தேன். உப்புப் போடாமல் கொடுத்துவந்த மோரையும் நிறுத்தினேன். தண்ணீரை இன்னும் கூட்டினேன்.

கத்திரி வெயில் தொடங்கி ஒரு வாரம் இருக்கும். காலை ஒன்பதரை. உப்பு வாரிக்கொண்டிருந்த அவர் வாருபலகையைக் கீழே போட்டார். போட்டுவிட்டு, உப்புப் பூத்து நிற்கிற பாத்திக்குள் பூட்ஸ் காலோடு இறங்கி நேராக நடந்தார். பூத்த பாத்தியில் எந்த அளத்துக்காரனும் கால் வைக்க மாட்டான், குடித்திருந்தாலும் வைக்க மாட்டான். காலடியில் உப்பு நொறுங்கும் சத்தம் கேட்டதுமே நான் கூடையோடு அலறினேன். அவர் நடுப்பாத்தியில் முகம் குப்புற விழுந்தார். ஓடிப்போய்த் திருப்பினேன். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. வாய் கோணியிருந்தது.

உப்பு லாரியில் போட்டுக்கொண்டு புதுச்சேரிக்கு ஓடினோம். கூனிமேட்டில் ஒரு கல்யாண ஊர்வலம் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. நான் லாரியிலிருந்து குதித்து, கையெடுத்துக் கும்பிட்டு, கெட்ட வார்த்தையும் சொல்லி வழி வாங்கினேன். கோட்டக்குப்பம் தாண்டும்போது அவருக்கு மறுபடி இழுத்தது. தையல்நாயகி அவர் தலையை மடியில் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் மாதாவே மாதாவே என்பதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு வயதான டாக்டர் ஒருவர் என்னைக் கூப்பிட்டார். "இவரு இன்னா சாப்பிடுறாரு?" என்றார்.

"பிரஷருங்க. நாப்பது நாளா ஒரு கல் உப்பு கூட நான் குடுக்கலீங்க" என்றேன். அந்த நேரத்திலும் என் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"ரத்தத்துல உப்பு பாதாளத்துக்குப் போய்டுச்சும்மா. அதான் ஃபிட்ஸ்."

"அளத்துல வேலை செய்யறாருங்க. கால் வழியா ஏறுமே?"

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. "ஏறாதும்மா. அவ்ளோ வெயில்ல வேர்வையில வெளியதான் போகும். முதுகுல வெள்ளையா பூக்குது பாரு, அது அவரு ஒடம்புலேர்ந்து போன உப்பு. அத திரும்பக் குடுக்காம வெறும் தண்ணியா ஊத்திக்கினே இருந்தா உசுரு இன்னாத்துக்கு ஆவும்?"

நான் கட்டிலுக்கு மேலே தொங்கிய பாட்டிலைக் காட்டி, அதில் என்ன ஏற்றுகிறீர்கள் என்று கேட்டேன்.

"உப்புத் தண்ணி" என்றார்.

இரண்டு நாள் அவருக்கு நினைவு வரவில்லை. வராந்தாவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தேன். நர்ஸ் உட்காரச் சொன்னாள், தையல்நாயகி கையைப் பிடித்து உட்கார வைத்தாள், எழுந்து மறுபடி நடந்தேன். அண்ணனைக் கொன்ற வியாதிக்குப் பயந்து புருஷனை நானே கொன்றுவிட்டேன் என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டு நடந்தேன். வழியில் போகிறவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

மூன்றாம் நாள் கண்ணைத் திறந்து என் பெயரைச் சொன்னார். குழறவில்லை. நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

டாக்டர் வந்து பார்த்தார். பிரஷர் இன்னும் நூற்றெழுபது, மாத்திரையை ஆயுசுக்கும் நிறுத்தக் கூடாது, உப்பு வேண்டும், ஆனால் குறைவாக என்றார்.

"கம்மின்னா எவ்ளோங்க?"

"எல்லாம் சேத்து ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூன்."

"ஏசியில குந்திக்கினு இருக்கறவருக்கும், கத்திரி வெயில்ல உப்பு வாரறவருக்கும் அதே ஸ்பூனாங்க?"

அவர் பேனா சீட்டின் மேல் நின்றது. "கொஞ்சம் கூட வேணும்தான். எவ்ளோன்னு டெஸ்ட் பண்ணித்தான் சொல்ல முடியும். வாரா வாரம் கூட்டிக்கினு வா" என்றார். எனக்குப் பழைய கோபம் வந்தது. ஆனால் வாயைத் திறக்க எனக்கு யோக்கியதை இல்லை.

மத்தியானம் தையல்நாயகி கஞ்சியும், ஒரு காகிதத்தில் உப்பும் வைத்துவிட்டுப் போனாள். அவள் போகும்போது சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது, நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவள் தன் தூக்கிலிருந்து உப்புக் கஞ்சியை அவருக்கு நீட்டியிருக்கிறாள். ஒரு நாள் கூட அவர் வாங்கவில்லையாம்.

"ஏங்க வாங்கல? ஒடம்பு கேக்கலியா?" என்று அவரிடம் கேட்டேன்.

"கேட்டுச்சு" என்றார்.

"அப்புறம்?"

"கேம்ப்புலேர்ந்து வந்த நாளா நீ கண்ணு மூடல. மொதமொத உப்பில்லாம நான் குடிச்சேன் பாரு, அன்னிக்குத்தான் படுத்ததும் தூங்கினே. சரி, தூங்கட்டும்னு உட்டுட்டேன்" என்றார்.

நான் காகிதத்தைப் பிரித்து அவர் கையருகே வைத்தேன். "இனிமே நான் போடமாட்டேன். வேணுங்கறத நீங்களே போட்டுக்குங்க" என்றேன்.

ஊசி குத்தி வீங்கிய கையால் இரண்டு விரல் நிறைய எடுத்தார். கஞ்சிக்கு மேலே கை நின்றது. அவர் கஞ்சியைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பாதியைத் திரும்பக் காகிதத்தில் உதிர்த்தார்.

பயப்படாத முகம் ஒன்றை வைத்துக்கொள்ள நானும் பார்த்தேன், சிரிக்கக்கூடப் பார்த்தேன். வரவில்லை. அவர் இன்னும் கொஞ்சத்தைக் காகிதத்திலேயே போட்டுவிட்டு, விரலில் ஒட்டியிருந்ததை மட்டும் கஞ்சியில் கரைத்துக் குடித்தார்.