பூட்டுக்காரர் தட்டிய கதவு

பூட்டுக்காரர் தும்மினால் அடுத்த தெருவில் மூன்று பூட்டுகள் தாமாகவே திறந்துகொள்ளும். அப்பேர்ப்பட்டவர் உலகத்திலேயே கெட்டியான பூட்டைக் கையால் தொடாமல், கம்பி இல்லாமல், படியில் சும்மா உட்கார்ந்தே திறந்தார். நம்ப மாட்டேன் என்று முதலில் அடம்பிடித்தவள் அவர் மனைவி.

அது அவர் தம்பி வீட்டுப் பூட்டு. முன்பொரு நாள் தம்பி யாரோடும் பேசப் பிடிக்காமல் அறைக்குள் பூட்டிக்கொண்டு கிடந்தபோது, அண்ணனான இவர், சொந்தக்காரர் படையோடு வந்து, பூட்டைத் திறந்து உள்ளே புகுந்துவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது.

தினமும் கடை திறக்கும் முன் பூட்டுக்காரர் வேதாகமம் வாசிப்பார். வாசித்தபடி செய்யாமல் அடுத்த வரிக்கு நகர மாட்டார். அந்த வேகத்துக்கு நத்தையே கொட்டாவி விடும். ஒரு காலை, இயேசு வாசலில் நின்று தட்டுகிறார் என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது.

"ஏம்மா, அவரால திறக்க முடியாத பூட்டு உண்டா? அப்புறம் எதுக்குத் தட்டுறாரு?"

"உங்க தம்பி வீட்ல போய்த் தட்டிப் பாருங்க, தெரியும்."

குத்தலாகத்தான் சொன்னாள். அவர் போயே விட்டார்.

தட்டினார். உள்ளே காலடிச் சத்தம் கேட்டது, கதவு திறக்கவில்லை. பையிலிருந்த கம்பி எப்போது விரலுக்கு வந்தது, எப்போது பூட்டுக்குள் போனது என்று அவருக்கே தெரியாது. கதவு திறந்துகொண்டது. எதிரே தம்பி, வாயில் பல்துலக்கும் பிரஷ்ஷோடு.

"இன்னும் திருந்தலையாண்ணே நீ?"

கதவு அவர் மூக்கை உரசிக்கொண்டு மூடியது. உள்ளே தாழ்ப்பாளும் விழுந்தது.

வீடு திரும்பி நடந்ததைச் சொன்னதும் மனைவி சிரித்த சிரிப்பில் அலமாரிப் பாத்திரங்கள் இடம் மாறின. "விடுங்க, அடுத்த வரிக்குப் போங்க."

"இந்த வரி என்னை விட மாட்டேங்குதே."

மறுநாள் கம்பிப் பையை அவள் தோளில் மாட்டிவிட்டுக் கிளம்பினார். வேடிக்கை பார்க்க அவளும் பின்னாலேயே போய்த் தெருமுனையில் நின்றாள். அவர் தம்பி வீட்டுக் கதவைத் தட்டினார்.

"தம்பி, நான்தான். அன்னிக்கு நான் உள்ள வந்தது தப்பு. இன்னிக்குக் கம்பி கொண்டுவரல. நீயா திறந்தா வர்றேன்."

படியில் உட்கார்ந்தார். விரல்கள் பூட்டைத் தேடித் துடித்தன. திறக்கத் தெரிந்துகொண்டு வெளியே இருப்பது இத்தனை பாடா?

"என் வாசல்லயும் இப்படித்தான் நின்னீங்களா சாமி?" என்று மெதுவாகக் கேட்டார். பக்கத்தில் யாருக்கோ இடம் விடுவதுபோல் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

வெயில் படியேறி முழங்காலைத் தொட்டது. தாழ்ப்பாள் சத்தம் கேட்டது.

"கையைக் காட்டு," என்றான் தம்பி. இரண்டும் வெறுங்கை. அவன் வெகுநேரம் பார்த்தான். "சரி, உள்ள வா. அண்ணியையும் கூப்பிடு."

இந்தக் கதையைக் கேட்டுத் தெருவே சிரிக்கிறது. "எங்கேயாவது கம்பியை ஒளிச்சு வெச்சிருப்பாரு," என்கிறார் தையல்காரர்.

"பை என் தோள்லதான் இருந்துச்சு," என்கிறாள் மனைவி. "நானும்தான் நம்பல. ஆனா திறந்துச்சு."