ஹார்லன் கொடுத்துவிட்ட நூடுல்ஸ்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. என் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கும் டெசா ஒரு நாள் கோட்டைக்கூடக் கழற்றாமல் என் சமையலறையில் வந்து நின்று, "நீங்க கதை எழுதுறவர்தானே? இதுக்கு ஒரு முடிவு சொல்லுங்க" என்றாள். கைதியின் பெயரை மட்டும் விழுங்கிவிட்டு மீதியைச் சொன்னாள். ஹார்லன் என்பது நான் வைத்த பெயர்.

2

"இரும்புக் கதவு டெசாவுக்குப் பின்னால் சாத்திக்கொண்டபோது..."

[வேண்டாம். சிறைக் கதை என்றாலே கதவுச் சத்தம்தானா?]

"பிறர் துயர் துடைக்கவே பிறந்த டெசா..."

[பச்சைப் பொய். பட்டம் வாங்க அவளுக்கு இந்தப் பயிற்சி வேண்டும், அவ்வளவுதான்.]

நேராகவே சொல்லிவிடுகிறேன். சமூகப்பணி படிக்கும் டெசாவுக்கு, வாரத்தில் இரண்டு நாள் மாவட்டச் சிறையின் மனநலப் பிரிவில் பயிற்சி. அறை அறையாகப் போய், கதவில் சாப்பாடு தள்ளும் துவாரத்தின் முன் குனிந்து, உள்ளே இருப்பவரிடம் கேட்க வேண்டும்: "சாகணும்னு தோணுதா?"

எல்லோரும் இல்லை என்பார்கள்.*

(* ஆமாம் என்றால் கண்காணிப்பு அறை. உடுப்பைக் கழற்றி, கிழிக்க முடியாத முரட்டு அங்கி ஒன்றை மாட்டிவிடுவார்கள். கரண்டி கிடையாது, போர்வை கிடையாது, வீட்டாரோடு பேச்சும் கிடையாது. எல்லாம் உயிரைக் காப்பாற்றத்தான். பிறகு எவன் வாயைத் திறப்பான்?)

3

ஹார்லன் வெளியே கூரை போடும் வேலை பார்த்தவன். நல்ல வாயாடி.

"வா காலேஜு! இன்னைக்கும் அதே கேள்விதானா? பரீட்சையில கோட்டை விட்டுட்டியா?"

"கேக்காம போனா லோரெட்டா என்னையும் உள்ள தள்ளிருவாங்க." லோரெட்டா அவளுடைய மேலதிகாரி.

"அப்ப இல்லைன்னு எழுதிக்க. நாளைக்கு என் பொண்ணு ஜூனி வீடியோவுல வர்றா. இத்தனை நாளா அவங்கம்மா விடவே இல்ல. நாளைக்குத்தான் மொத தடவை."

"என்ன பேசப் போறீங்க?"

"முன்பல்லு விழுந்துருச்சாம். வாயைத் தொறந்து காட்டச் சொல்லணும்."

டெசா சிரித்துக்கொண்டே நகர்ந்தாள். அடுத்த அறைக்காரன் மடி நிறைய நூடுல்ஸும் காபிப் பொட்டலங்களுமாக உட்கார்ந்திருந்தான். "ஹார்லன் குடுத்தான், மொத்தத்தையும். மகராசன்!"

"நல்ல மனசு" என்றாள் டெசா.

நடைபாதையின் பாதியில் அவள் கால் நின்றது. சிறைக்குள் நூடுல்ஸ்தான் சொத்து. அதை மொத்தமாக அள்ளிக் கொடுப்பவன் விடுதலையாகி வீட்டுக்குப் போகிறவன். ஹார்லனுக்கு இப்போதைக்கு விடுதலை இல்லை. அப்படியென்றால் அவன் எங்கே போகப் போகிறான்?

4

முடிவு அ: டெசா லோரெட்டாவிடம் சொல்லிவிடுகிறாள். முரட்டு அங்கியோடு ஹார்லன் கண்ணாடி வழியே அவளைப் பார்க்கிறான். மறுநாள் ஜூனி வெறும் திரைக்கு முன்னால் வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறாள். அவன் பிடித்திருந்த ஒரே கொம்பு அது. அதை ஒடித்தது யார்?

முடிவு ஆ: சொல்லவில்லை. ஹார்லன் அந்தப் பல் இடைவெளியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறான். அன்று மாலை

[மூன்று தடவை தொடங்கிவிட்டேன். பயமாக இருக்கிறது.]

மகள் வருகிற சந்தோஷத்தில் கொடுத்திருக்கலாமே? கொடுத்திருக்கலாம். அவளை ஒரு தடவை பார்த்தால் போதும் என்றும் கொடுத்திருக்கலாம்.

முடிவு இ: பக்கத்து அறைக் காதுகள் இல்லாத தனியறையில் உட்காரவைத்து மறுபடி கேட்கிறாள். எனக்குப் பிடித்த முடிவு இதுதான். ஆனால் அவனைக் கூட்டிப்போக அன்று காவலர் இல்லை, ஆள் பற்றாக்குறை என்று டெசாவே சொல்லித் தொலைத்துவிட்டாள்.

5

"நீ என்னதான் பண்ணினே?" என்று அவளிடம் கேட்டேன்.

"மொதல்ல நீங்க சொல்லுங்க."

எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று எவன் சொன்னான்?

அன்று சிறையில் வேலை முடிகிற நேரம். லோரெட்டா கோட்டை மாட்டியபடியே கேட்கிறார்: "எல்லாரும் இல்லைன்னுதானே சொன்னாங்க? வேற ஏதாவது இருக்கா?"

கேள்வி டெசாவிடம்தான். ஆனால் நூடுல்ஸ் விஷயம் இப்போது உங்களுக்கும் தெரியும். லோரெட்டா ஒரு கை கோட்டுக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக நிற்கிறார். சீக்கிரம் சொல்லுங்கள்.