குடும்ப நகம்

கட்டைவிரல் நகம் அரைகுறையாக இருப்பது அந்தக் குடும்பத்தில் ஒரு பெருமை. அப்பாவுக்கு அப்படித்தான் இருந்தது, அக்காவுக்கும் தம்பிக்கும் அப்படியே வந்தது. நகம் இருக்க வேண்டிய இடத்தில் பாதிக்கு மேல் வெறும் தோல். அக்காவுக்கு மகள் பிறந்தபோது முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே துணியை விலக்கிக் கட்டைவிரலைத்தான் பார்த்தாள். "நம்ம வீட்டு ஆளுதான்" என்று சிரித்தாள்.

அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் பக்கம் இருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் எப்போதும் கால் வைத்திருப்பாள். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கால் சும்மா இருக்காது. தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், செல்போன் பழுதுபார்க்கும் கடையை அடிக்கடி பூட்டிவிட்டு டயாலிசிஸுக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து அவளுக்கு எங்கேயும் இருப்புக்கொள்ளவில்லை.

"நான் தரேன்டா. கூடப் பிறந்தவ நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது வேற யார்கிட்ட போய்க் கேக்கறது?"

தம்பி மனைவி பக்கத்தில்தான் நின்றாள். "நானும் டெஸ்ட் எடுத்துப் பாக்கறேன் அண்ணி."

"நீ சும்மா இரும்மா. ரத்த சொந்தம்னாதான் ஒட்டும்."

பரிசோதனையில் அக்காவின் சிறுநீரில் புரதம் கசிவது தெரிந்தது. சிறுநீரக மருத்துவர் அவள் கைகளை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு மரபியல் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே இருந்த டாக்டரம்மா அவள் முழங்காலை மடக்கி நீட்டித் தடவிப் பார்த்தார். முட்டிச் சில்லு இருக்க வேண்டிய இடத்தில் சட்டைப் பட்டன் அளவுக்குத்தான் ஏதோ தட்டுப்பட்டது. ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்ததும் மறுபடி கூப்பிட்டார்கள்.

"கரு வளரும்போது சில புரதங்கள் டிஎன்ஏவைப் பிடிச்சுக்கிட்டு, எந்த மரபணு வேலை செய்யணும், எது சும்மா இருக்கணும்னு சொல்லும்" என்றார் டாக்டரம்மா. "ஹோமியோடொமைன் புரதம்னு ஒரு வகை. அதுல ஒண்ணுதான் கையில எது புறங்கை, எது உள்ளங்கைன்னு பிரிக்குது. நகம், முட்டிச் சில்லு எல்லாம் அது சொல்லித்தான் ஒழுங்கா வருது. சிறுநீரகத்துல வடிகட்டுற செல்லுக்கும் அது வேணும். அந்த மரபணு நமக்கு ரெண்டு இருக்கணும். உங்க குடும்பத்துல ஒண்ணு பழுது."

"அப்போ என்னுது அவனுக்கு ஆகாதா?"

"அவருக்கு இருக்கற அதே கோளாறு உங்களுக்கும் இருக்கு. உங்களுக்கு மெதுவா போகுது, அவ்வளவுதான். உங்க சிறுநீரகம் உங்களுக்கே வேணும்." டாக்டரம்மா கொஞ்சம் தயங்கினார். "பொண்ணு இருக்கான்னு சொன்னீங்களே. அவ கையையும் பாக்கணும்."

பார்க்க என்ன இருக்கிறது. பிறந்த அன்றே பார்த்தாயிற்று. பார்த்துச் சிரித்தும் ஆயிற்று.

அன்று மதியம் வண்டியில், எதிரே யாருமே வராத தெருவில், அவள் பிரேக்கை மிதித்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த பெண் பயந்துபோய், "நான் என்ன தப்பு பண்ணேன் மேடம்?" என்றாள். "ஒண்ணுமில்ல. நான்தான்" என்று சொல்லி, வண்டியைப் பயிற்சிப் பள்ளியில் விட்டுவிட்டு, நடந்தே தம்பி கடைக்குப் போனாள். வழியில் இரண்டு முறை திரும்பிப் போகலாமா என்று நின்றாள்.

தம்பி எல்லாவற்றையும் கேட்டான். கையில் பிரித்துப்போட்ட போன்.

"ரெண்டு மேஸ்திரில ஒருத்தன் ஆப்சென்ட், இன்னொருத்தன் தனியா கிடந்து மல்லுக்கட்டியிருக்கான். கட்டடம் இவ்வளவு நாள் நின்னதே பெருசுக்கா" என்றான்.

"விளையாடாதடா."

"பாப்பாவுக்கு டெஸ்ட் எடுத்தியா?"

எடுக்கவில்லை. பயம். தன்னால் சொல்ல முடியாததை அவன் கேட்டதும் கடை ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள்.

மகளை அழைத்துப் போனாள். அந்த மரபணுப் பழுது அவளுக்கும் இருந்தது. சிறுநீரில் இன்னும் கசிவு இல்லை. வருஷா வருஷம் பார்க்க வேண்டும், கசிவு தெரிந்தால் மாத்திரையில் நெடுநாள் தள்ளிப்போடலாம் என்றார்கள். மகள் எல்லாம் கேட்டுவிட்டு, "மாமா மாதிரி ஆவேனா?" என்றாள். "ஆக விடமாட்டேன்" என்று சொன்னபோது தன் குரலை அக்காவே நம்பவில்லை.

இதற்கிடையில் தம்பி மனைவி யாரிடமும் சொல்லாமல் பரிசோதனைக்குப் போய்வந்திருந்தாள். பொருந்தியது. விஷயம் காதில் விழுந்ததும் அக்காவுக்கு முதலில் வந்தது சந்தோஷமல்ல, எரிச்சல். நேற்று வந்தவள் தருகிறாள், கூடப் பிறந்தவள் கையைப் பிசைகிறாள். அந்த எரிச்சலுக்காகத் தன்மேலேயே வெட்கப்பட்டு இரண்டு நாள் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

அறுவை சிகிச்சை நன்றாகவே முடிந்தது. தம்பிக்குச் சிறுநீர் இறங்கத் தொடங்கிவிட்டது என்று நர்ஸ் வந்து சொன்ன பிறகும் அக்கா நடையை நிறுத்தவில்லை. அவன் அறையிலிருந்து அவன் மனைவி அறைக்கும், அங்கிருந்து மறுபடி அவன் அறைக்கும்.

"அண்ணி, கொஞ்சம் உக்காருங்க" என்றாள் கட்டிலில் படுத்திருந்த தம்பி மனைவி. "உங்களைப் பாத்தா எனக்குத் தலை சுத்துது."

"உனக்கு என்ன வேணும், சொல்லு. ஏதாவது சொல்லு."

அவள் யோசித்தாள். "கை தூக்கினா தையல் இழுக்குது. தலையெல்லாம் ஒரே சிக்கு."

அக்கா கட்டிலை உயர்த்தி, அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து, நுனியிலிருந்து சிக்கெடுக்க ஆரம்பித்தாள்.

"வலிச்சா சொல்லும்மா."

"வலிக்கல அண்ணி. மெதுவாவே பண்ணுங்க."