ரேடியேட்டரில் கிணற்றுத் தண்ணீர்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. பொய்யைச் சொன்னவன் நான். ‘நான்’ என்று எழுதும்போதெல்லாம் வெட்கம் பிடுங்கித் தின்கிறது. ஆகவே அவனுக்குத் தங்கப்பாண்டி என்று பெயர் வைத்துவிட்டேன். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு பேசுவது மாதிரிதான் இது, தெரிகிறது.

2

முதல் தொடக்கம்: ‘காரை வீட்டிலேயே பராமரிப்பது மிகவும் சுலபம்...’ [அவன் பார்த்த வீடியோவின் வரி. அடித்துவிட்டேன்.]

இரண்டாவது: சாயல்குடியில் தங்கப்பாண்டி ஒரு பழைய கார் வாங்கினான். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டி மாட்டினான், வைப்பரை மாற்றினான். இரண்டும் ஒழுங்காக நடந்ததும் தலைகால் புரியவில்லை. இனி மெக்கானிக்கே வேண்டாம் என்று மாமனார் பொன்னுச்சாமியிடம் அளந்தான். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தபோதெல்லாம் வீட்டுக் கிணற்றில் இறைத்து ஊற்றினான். வாயில் வைக்க முடியாத உப்புத் தண்ணீர். தண்ணீர் வண்டியில் விலைக்கு வாங்கும் குடிதண்ணீரைத் தொட்டால் மனைவி நாகலெட்சுமி ஏசுவாள். [அவள்மேல் பழி போடுகிறேனோ? ஆமாம். அவளிடம் அவன் கேட்கவே இல்லை.]

3

மாமனாரை ராமேஸ்வரம் அழைத்துப் போன அன்று கார் பாதி வழியில் கொதித்து நின்றது. கட்டியிழுத்து, காஜா நவாஸின் பட்டறைக்கே கொண்டுவந்தார்கள். மூன்று மாதம் முன்பு, இன்ஜின் சூடாகாமல் இருக்க ரேடியேட்டரில் கூலண்ட் ஊற்றிக் கொடுத்த மெக்கானிக் அவர்தான். அங்கே நாலைந்து பேர் நின்றார்கள். மாமனார் மருமகனைத் திரும்பிப் பார்த்தார்.

“என்னத்த பாய் ஊத்திவிட்டீக?” என்றான் தங்கப்பாண்டி, எல்லாருக்கும் கேட்கும்படி. “கூலண்டுன்னு சொல்லி ஏமாத்திட்டீகளே.”

காஜா நவாஸ் ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். வெள்ளையாகப் படிந்திருந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். அவனை ஒரு பார்வை பார்த்தார். மூடியைத் திருகி மூடிவிட்டார்.

4

மறுவாரம் காரை எடுக்கத் தனியாகப் போனான்.

“இனிமே குடிதண்ணியவே ஊத்துங்க தம்பி,” என்றார் காஜா நவாஸ். “மாமனார் முன்னாடி சொல்லக்கூடாதுன்னுதான் அன்னைக்கு விட்டுட்டேன்.”

அதற்குத் தங்கப்பாண்டி, “பாய், நான் அன்னைக்குப் பேசுனது—”

[இல்லை. அப்படி அவன் பேசவில்லை. “சரி பாய்” என்று சாவியை வாங்கிக்கொண்டான்.]

5

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் பாய் அவன் தோளைத் தட்டுகிறார். மற்றதில் மாமனார் தானாகவே உண்மையைக் கண்டுபிடிக்கிறார். இரண்டிலும் தங்கப்பாண்டி வாயைத் திறக்க வேண்டியதில்லை. கிழித்துவிட்டேன்.

மாமனார் இன்றும் கார் வைத்திருப்பவர்களிடமெல்லாம் அந்தப் பட்டறைப் பக்கம் போகாதீர்கள் என்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுகிறவன் தங்கப்பாண்டி இல்லை, நான். காஜா நவாஸ் கதை படிப்பவரும் இல்லை. அது தெரிந்துதான் பட்டறையில் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

ஆகவே முடிவு உங்கள் பொறுப்பு. என் மாமனாரைத் தெரிந்தவர் யாராவது இதைப் படித்தால், அவரிடம் சொல்லிவிடுங்கள்.

இந்த வரியை எழுதிவிட்டு, நிஜமாகவே யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருக்கிறேன்.