கை நனைக்காமல் போன மாமன்

பிளவக்கல் அணைக்குப் போகும் சாலையில் உள்ள பெத்தம்மாள் சத்திரத்துக்கு வந்து கை நனைக்காமல் கிளம்புகிறவர், எந்தத் திசையில் போனாலும் அதன் வாசலுக்கே திரும்பி வந்து சேருவார். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நடந்துபோன சனங்களுக்காகப் பெத்தம்மாள் என்ற புண்ணியவதி கட்டியது அது. பிறகு நெல் அடைத்தார்கள், ஆடு அடைத்தார்கள், வௌவால் குடியிருந்தது. இப்போது பாண்டிதுரை என்பவர் சுண்ணாம்பு பூசி, மாந்தோப்பில் கூடாரம் அடித்து, கல்யாணத்துக்கும் மலையடிவாரத்தில் தங்கிப் போகிறவர்களுக்கும் விடுகிறார். பாதை விஷயத்தைத் தேதி கேட்கும்போதே சொல்லிவிடுவார். யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. கல்யாணத்துக்கு வந்து சாப்பிடாமல் யார் போகப்போகிறார்கள்?

போன தையில் ஒருவர் போனார். கூமாப்பட்டி வீரணன், மணப்பெண் அனுசியாவின் தாய்மாமன். தாயில்லாத அந்தப் பெண்ணுக்குத் தாய்வழியில் மிஞ்சிய ஒரே உறவு. வெற்றிலை பாக்குத் தட்டோடு நேரில் போய் அவரை அழைக்கவேண்டிய அப்பா கருத்தையா, வேலை மும்முரத்தில் வாட்ஸ்அப்பில் பத்திரிகையை அனுப்பிவிட்டார். தட்டில்லாமல் தாய்மாமனை அழைப்பதும் ஒன்று, அழைக்காமல் இருப்பதும் ஒன்று. ஆனாலும் வீரணன் வந்தார். மருமகளுக்கு மாலை போட்டு, கைப்பிடித்து மணவறைக்குக் கூட்டிவந்தார். தாலி ஏறியதும் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவ்வளவு ரோஷக்காரர். வத்திராயிருப்புப் பக்கம் போனார், சத்திரத்து வாசல் வந்தது. அணைப் பக்கம் போனார், மாம்பூ வாசத்துக்குள் பாதை மெல்ல வளைந்து அதே வாசலுக்கு வந்தது. காவல்காரர் “வாங்க” சொல்லி அலுத்துப்போய், வெறுமனே தலையாட்டத் தொடங்கினார். வீரணன் இறங்கவே இல்லை.

சாயங்காலம் மணமக்களின் கார் சோழபுரத்துக்குக் கிளம்பியது. விளக்கேற்றும் முன் பெண் புகுந்த வீட்டில் காலெடுத்து வைக்க வேண்டும். மலை இடப்பக்கம் வந்தது, வலப்பக்கம் வந்தது, பிறகு சத்திரத்து வாசல் வந்தது. ராணுவத்தில் இருக்கும் மாப்பிள்ளை கௌதம்ராஜ் செல்போனில் மேப்பைப் பார்த்தார். அதில் கார் கிளம்பவே இல்லை.

“நான் இன்னும் சாப்பிடல,” என்றாள் அனுசியா. “மாமா சாப்பிடாமப் போயிட்டாவ. எனக்கு எப்படி எறங்கும்?”

கருத்தையாவின் முகம் சுண்டிப்போயிற்று. உள்ளே ஓடி, தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், ஒரு பத்திரிகை எல்லாம் வைத்து எடுத்துவந்து, மறுபடி வாசலில் வந்து நின்ற பைக்கின் முன்னால் நீட்டினார்.

“மச்சான், எம் மவளுக்குக் கல்யாணம். அவசியம் வந்துரணும்.”

முடிந்துபோன கல்யாணத்துக்கான அழைப்பை வீரணன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். உள்ளே வந்து மருமகள் பக்கத்தில் இலை முன் உட்கார்ந்தார். “ஏட்டி, சாப்பிடு,” என்றார். தானும் ஒரு வாய் எடுத்து வைத்தார், அவளும் சாப்பிட்டாள்.

கார் மறுபடி கிளம்பியபோது சூரியன் மலைக்கு மேல், முதல் தடவை கிளம்பியபோது இருந்த அதே இடத்தில் நின்றிருந்தது. அதற்கும் அன்று வழி கிடைக்கவில்லை போலிருக்கிறது. வெளிச்சம் இருக்கும்போதே சோழபுரம் வந்துவிட்டது. ராஜபாளையம் வட்டாரத்தில் சொந்தத்துக்குள் பேச்சுவார்த்தை இல்லாத குடும்பங்கள், கல்யாணத் தேதி குறித்ததும் இப்போது முதலில் பாண்டிதுரைக்குத்தான் போன் செய்கின்றன.