கைபேசியில் முடிந்த கதைகள்

குழந்தைகள் அலமாரியை எடுத்துவிட்டு அங்கே டேப்லெட்டுகள் வைக்கலாமா என்று பார்க்க மேலதிகாரி வருகிறார் என்றதும் நூலகருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கெஞ்சிக் கூத்தாடி அவர் நிரப்பிய அலமாரி அது. ஆனால் ஒருமுறை புத்தகம் எடுத்த பிள்ளை மறுமுறை வருவதில்லை. எல்லாம் கைபேசியால் வந்த வினை என்பது அவர் தீர்ப்பு.

வீட்டிலேயே ஒரு துரோகி இருந்தாள். மகள். புத்தகத்தை விரித்துப் படித்துக்கொண்டே வந்தவள், திடீரென்று மூடிவிட்டு அம்மாவின் கைபேசியை எடுத்துக்கொள்வாள். இருந்தாலும் சாட்சிக்கு வேறு பிள்ளை கிடைக்கவில்லை.

"அதிகாரி கேட்டா என்ன சொல்லுவே?"

"புத்தகந்தான் பிடிக்கும்னு."

"சமத்து."

அதிகாரி வந்தார். அலமாரி முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"நீ எதுல படிப்பே, பாப்பா?"

"புத்தகத்துலதான். முடிவை மட்டும் போன்ல பாத்துக்குவேன்."

நூலகர் முகத்தில் ஈயாடவில்லை.

"அது ஏன்?" என்றார் அதிகாரி.

"இங்க எந்தக் கதைக்கும் முடிவு கிடையாது. அப்பா ஒட்டிடுவாரு."

ஒல்லிப் புத்தகங்கள் அவை. கடைசி வரிகள் பின்னட்டையின் உட்புறத்தில் அச்சாகியிருந்தன. அவற்றின் மேல், திருப்பித் தரும் தேதிக்கான சீட்டு, ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்டியிருந்தது. அந்த வேலையை நூலகர் யாரையும் நம்பிக் கொடுத்ததில்லை.

அதிகாரி ஒவ்வொன்றாகப் பிரித்தார். கிணற்றில் விழுந்த யானை கிணற்றிலேயே இருந்தது. தாயைத் தேடிக் கிளம்பிய வாத்து இன்னும் தேடிக்கொண்டிருந்தது.

"நீங்க ஒண்ணுகூடப் படிச்சதில்லையா?"

நூலகர் கோணலாக நின்ற ஒரு புத்தகத்தை வரிசைக்குள் தள்ளினார்.

"எண் போட்டு அடுக்கவே நேரம் சரியாப் போச்சு" என்றார்.

அதிகாரி சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். "ஒரு மாசம் தர்றேன். முடிவோட இருந்தா அலமாரி இருக்கட்டும்."

அன்று மாலையே நூலகர் ஈரத்துணியோடு உட்கார்ந்தார். முதல் சீட்டு அழகாக உரிந்து வந்தது, யானையின் முடிவையும் சேர்த்துக்கொண்டு. பசையில் அவர் கஞ்சத்தனம் காட்டியதே இல்லை.

வேறு வழியில்லை. மகள் கைபேசியைப் பார்த்து வாசிக்க, அவர் வெள்ளைத்தாளில் எழுதினார்.

"பக்கத்துக் குளத்துத் தண்ணியை எல்லாரும் கிணத்துல ஊத்துனாங்க. தண்ணி ஏற ஏற, யானையும் மிதந்து மேல வந்துச்சு..."

"அப்புறம்?"

மகள் தாளை எட்டிப் பார்த்தாள். பாதி வரியோடு பேனா நின்றிருந்தது.

"முதல்ல இதை எழுதுங்கப்பா. எழுதினாத்தான் மீதி."