மூன்றாவது அடிக்கல்

1

இருந்தவர்கள்: தையல்கார அக்கா, மிஷின் முன்னால் ஸ்டூலில். அவர் கணவர், சாரத்திலிருந்து விழுந்த பெயின்டர், கதவோரம் சக்கர நாற்காலியில். கொத்தனார் மாமா, வாசற்படியில், பாதி உடம்பு வெளியே. துணி வெட்டும் மேசையில் நான், தெருவுக்கு மனு எழுதுகிறவன். மனு எழுத உட்கார்ந்த இடத்தில்தான் இந்தக் கதை குறுக்கே வந்தது.

2

கதையின் முதல் வரி இப்படி இருந்தது: 'மக்களின் கண்ணீரைப் போல ஓடும் அந்தச் சாக்கடை…'

அடித்துவிட்டேன். சாக்கடை நாறும். அவ்வளவுதான்.

சாலைக்குப் போக நாங்கள் அதைத் தாண்டவேண்டும். தேர்தலுக்குத் தேர்தல் ஒருவர் வந்து பாலத்துக்கு அடிக்கல் நாட்டுவார். ஜெயித்ததும் ஆளைக் காணோம். இரண்டு தேர்தல், இரண்டு கல். கொத்தனார் இரண்டையும் பெயர்த்துச் சாக்கடைமேல் ஒட்டிப் போட்டுவிட்டார். நடக்கப் போதும். நாற்காலி உருளப் போதாது. ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும்.

(பெயர் வெட்டிய பக்கம் மேலே இருக்கிறது. கால் வழுக்காமலிருக்கத்தான் என்கிறார் கொத்தனார். நம்புவது உங்கள் பாடு.)

3

நாளை மறுநாள் புது வேட்பாளர் வருகிறார். அதற்குள் மனு அவர் கட்சி ஆபீசுக்குத் தபாலில் போய்ச் சேரவேண்டும்.

"எவன் அகலமா கல்லு வைக்கிறானோ, அவனுக்குத்தான் என் ஓட்டு" என்றார் கொத்தனார்.

"சிரிக்காதீங்க மாமா. தம்பி, பாலம்னே எழுதாத. ரெண்டடி அகலத்துல, கனமா, ஒரு அடிக்கல் வேணும்னு எழுது. இவரு நாற்காலி தாண்டிடும்" என்றார் அக்கா.

"அப்போ பாலம்?" என்றார் கணவர்.

"ரெண்டு தடவை கேட்டாச்சே, வந்துச்சா?"

"மூணாவதையும் போட்டா, அதான் பாலம் இருக்கேன்னு சொல்லிடுவானுங்க. சாகுற வரைக்கும் இவனுங்க பேரு மேலயே உருளணுமா நான்?"

"உருண்டாவது போங்களேன்! கடைத்தெருவைப் பார்த்து எத்தனை நாளாச்சு?"

அவர் நாற்காலியைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

4

இங்கே அக்கா எழுந்து, உரிமை, மானம் என்று முழங்குவதாக ஒரு பக்கம் எழுதியிருந்தேன். வாசித்துக் காட்டினேன்.

"நான் எப்பப்பா இப்படிப் பேசினேன்? ஓட்டுக் கேக்க வந்தவன் மாதிரி இருக்கு."

கிழித்துப் போட்டேன்.

கதைக்கு முடிவு ஒன்று: கல் வருகிறது, அவர் தாண்டுகிறார், பாலம் என்ற பேச்சே போய்விடுகிறது. முடிவு இரண்டு: பாலம் கேட்கிறோம், வேட்பாளர் கும்பிடுகிறார், கல்கூட இல்லை. முடிவு மூன்று: பாலமே வந்து…

இதற்குமேல் பேனா நகரவில்லை.

5

இரண்டு தாள் எழுதினேன். ஒன்றில் பாலம், ஒன்றில் கல். "அண்ணே, எதை வைக்கட்டும்?" என்று அக்காவின் கணவரைக் கேட்டேன்.

"ரெண்டையும் குடு. எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க."

திரும்பினோம். அக்கா மட்டும் மிஷினைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தார். ஒரு தாள் உறைக்குள் போயிற்று. மற்றதைக் கசக்கிச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டார். பசை தடவி, கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார்.

"நானே போடறேன்."

தபால் பெட்டி சாக்கடைக்கு அந்தப் பக்கம். ஒரு சக்கரம் கல்லின் மேல், இன்னொன்று சாக்கடைக்குள் இறங்கிய கொத்தனாரின் கையில், பின்னால் நான். பெயர்களின் மேல் தடதடத்துக்கொண்டு தாண்டினார்.

உள்ளே எந்தத் தாள் என்று நான் கேட்கவில்லை. அக்காவும் சொல்லவில்லை. நீங்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள்.

அவர் கையை உயர்த்தினார். பெட்டியின் வாய் எட்டியது. உறை உள்ளே விழுந்தது.